அல்-கலீயும் கரியமில வாயுவும்

வேதியியலில் 'ஆல்கலி' என வழங்கும் சொல் அரபு மொழியின் கொடையாகும். 'கலா' என்னும் வினைக்கு வறுத்தல் என்பது பொருள். அதனடியாகப் பிறந்த 'அல்-கலீ', உவர்நிலச் செடிகளை எரித்துப் பெற்ற சாம்பலைக் குறித்தது. அச்சாம்பலிலிருந்த சோடாவைக் கொண்டே ஷாம் நாட்டார் கண்ணாடியும் சவுக்காரமும் செய்தனர். இதில் நாம் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. செடி காற்றிலிருந்து ஈர்த்த கரியமில வாயுவின் ஒரு கூறே சாம்பலில் சோடாவாகத் தங்கியது. கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்பொருளாக்குதல் என்று இன்று புதுமையாகப் பேசப்படுவதன் பழைய வடிவம் இதுவே எனலாம்.

இச்சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய 'தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ்' ஆலை உலகின் கவனத்தைப் பெற்றது. தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடிக்கும் அமைப்பை, அரசு மானியமின்றி அது நிறுவியது. புகையை ஒரு கரைசலினூடே செலுத்தினால் கரைசல் அவ்வாயுவைப் பற்றிக்கொள்கிறது. கரைசலைச் சூடாக்கினால் வாயு தனியே பிரிகிறது. அதனுடன் உப்பு நீரும் அம்மோனியாவும் சேரச் சமையல் சோடா படிகிறது. அதைச் சூடேற்றச் சலவைச் சோடா கிடைக்கிறது. உடன் விளைவது, அரபு வேதியியலார் 'நூஷாதிர்' என்றும் நம்மவர் 'நவச்சாரம்' என்றும் அறிந்த அம்மோனியம் குளோரைடு. அது வயலுக்கு உரமாகிறது.

இங்கே நாம் ஒரு வினாவை எழுப்ப வேண்டும். பிடிபட்ட வாயு பின்னர் எங்கே செல்கிறது? சோடா கண்ணாடி உலையில் மணலுடன் உருகும்போது அவ்வாயு மீண்டும் காற்றில் கலக்கிறது. கரியமில வாயுவை மிகுதியாகக் கொள்ளும் பொருளான யூரியாவும் மண்ணில் இட்டதும் சிதைந்து அதனை வெளிவிடுகிறது. பழைய 'கலீ'யிலும் இதுவே நிகழ்ந்தது. ஆயினும் அடுத்த பருவத்தில் செடி மீண்டும் முளைத்து அவ்வாயுவை ஈர்த்துக்கொண்டது, வட்டம் நிறைவுற்றது. நிலக்கரியின் கரியோ கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுள் புதைந்திருந்தது. அதை ஒருமுறை சோடாவாக்குவதால், சோடாவுக்கென வேறோர் எரிபொருளை எரித்து வாயு உண்டாக்கும் தேவை நீங்குகிறது. அது மெய்யான சேமிப்பே. ஆனால் வாயு காற்றை அடைவது தாமதமாகிறதேயன்றித் தடைப்படுவதில்லை.

ஆற்றலின் கணக்கும் உண்டு. கரியமில வாயு எரிந்து முடிந்த எச்சமாதலின், அதை மீண்டும் எரிபொருளாக்கப் புதிய ஆற்றல் வேண்டும். ஐஸ்லாந்தில் 2012இல் திறக்கப்பட்ட ஜார்ஜ் ஓலா ஆலை, புவிவெப்ப மின்சாரத்தால் நீரைப் பிளந்து, கிடைத்த ஹைட்ரஜனுடன் இவ்வாயுவைச் சேர்த்து மெத்தனால் ஆக்கியது. அதே பணியை நிலக்கரி மின்சாரத்தால் செய்தால் பிடிப்பதினும் மிகுதியாக வெளிவிட நேரும்.

நெடுங்காலம் நிலைப்பது கல்லாக மாறிய வாயுவே. ஐஸ்லாந்தின் 'கார்ப்ஃபிக்ஸ்' ஆய்வாளர்கள் 2012இல் அதனை நீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்தினர். இரண்டாண்டுக்குள் 95 விழுக்காட்டிற்கு மேல் கனிமமாகியதை 2016இல் வெளியிட்டனர். ஆனால் கல்லைச் சந்தையில் விற்க இயலாது. அதற்கான செலவை எவரேனும் ஏற்றாக வேண்டும்.

அளவையும் மறத்தலாகாது. உலகத் தொழில்கள் பயன்படுத்தும் கரியமில வாயு ஆண்டுக்கு ஏறத்தாழ 23 கோடி டன்; எரிபொருள்களால் வெளியாவதோ 3,700 கோடி டன்னளவு.

ஆதலின் இத்தகைய அறிவிப்பைக் காணுந்தோறும் மூன்றை வினவுவோம்: வாயு எங்கிருந்து வந்தது? எவ்வாற்றலால் மாற்றப்பட்டது? எத்தனை காலம் கட்டுண்டிருக்கும்? இம்மூன்றுக்கும் விடை தருவன போற்றத்தக்கவை. எனினும், எரிப்பதைக் குறைக்கும் கடமையிலிருந்து அவை எவரையும் விடுவிப்பதில்லை.