வீட்டுக்குள் ஓர் ஆலயம் – 9: ஐந்து வயதுக்கு ஐந்து நிமிடம்

சென்ற வாரம் குடும்ப செபத்தைப் பற்றி எழுதியபோது, 53 மணி செபமாலை முடிவதற்குள் தூங்கி விழும் பிள்ளைகளைச் சொல்லியிருந்தேன். அதைப் படித்த தோழி ஒருத்தி ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "வாய்விட்டுச் செபம் சொல்லவே பிள்ளைங்க உக்கார மாட்டேங்குதுங்க. இதுல தியானம் வேறயா?"

எங்கள் வீட்டில் நடந்தது நேர்மாறு. செபமாலையின் மூன்றாம் பத்திலேயே பாயில் உருளத் தொடங்கிவிடும் என் மகள், எல்லாரும் பேச்சை நிறுத்திய பிறகுதான் உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. விளக்கை அணைத்துவிட்டுத் திரு இருதயப் படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றினேன். கோரைப்பாயில் சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்துக்கொண்டோம். கண்ணை இறுக்கி மூடாமல் தூக்கம் வருவது போல லேசாக மூடச் சொன்னேன். மனசுக்குள் சொல்ல ஒரே ஒரு வார்த்தை: மாரநாதா.

இயேசு பேசிய அரமேய மொழியில் "ஆண்டவரே, வாரும்" என்று பொருள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் முடிவில் பவுல் இந்தச் சொல்லை அப்படியே விட்டுவைத்திருக்கிறார். தமிழில் எழுதினால் சரியாக நான்கு எழுத்து. அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த மகள் மா, ர, நா, தா என்று நான்கு விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டாள். நான்கையும் ஒரே அளவாக, அவசரமில்லாமல் சொல்ல வேண்டும். பொருளை யோசிக்க வேண்டியதில்லை, வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். நடுவில் நாளைய டிபனோ பக்கத்து வீட்டு நாய்க்குட்டியோ நினைவுக்கு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். திரும்ப வார்த்தையைப் பிடித்துக்கொள்ளலாம். அதற்காகப் பிள்ளையைத் திட்டக் கூடாது, பிள்ளை தன்னைத் தானே திட்டிக்கொள்ளவும் விடக் கூடாது.

"அம்மா, மனசுக்குள்ள சொன்னா இயேசப்பாவுக்குக் கேக்குமா?"

"உனக்குக் கேக்குதா?"

"ம்."

"அப்ப அவருக்கும் கேக்கும்."

இது நம்முடைய முறைதானா, வேறு சமயத்திலிருந்து எடுத்ததா என்ற தயக்கம் பல வீடுகளில் உண்டு. என் மாமியாருக்கும் இருந்தது. அவரிடம் சொன்ன கதையை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். 1950களில் மலாயாவில் பிரிட்டிஷ் அரசுப் பணியில் இருந்தவர் ஜான் மெயின் என்ற கத்தோலிக்க இளைஞர். கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தை நடத்திவந்த சுவாமி சத்தியானந்தாவை வேலை விஷயமாகச் சந்திக்கப் போனவர், பேச்சு செபத்தின் பக்கம் திரும்பவே, அவரிடமே தியானம் கற்றுக்கொண்டார். நீங்கள் கிறிஸ்தவர், ஆகவே உங்கள் வார்த்தையும் கிறிஸ்தவ வார்த்தையாகவே இருக்கட்டும் என்றாராம் சுவாமி. பின்னர் ஜான் மெயின் லண்டனில் பெனடிக்டைன் துறவியானபோது, இது நம் மரபல்ல, விட்டுவிடுங்கள் என்று நவதுறவகத்தில் சொல்லிவிட்டார்கள். மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டார். பல ஆண்டுகள் கழித்து, ஐந்தாம் நூற்றாண்டுத் துறவி ஜான் காசியனைப் படிக்கும்போது, ஒரே ஒரு சங்கீத வரியை ஓயாமல் மனசுக்குள் சொல்லச் சொல்லும் எகிப்துப் பாலைவனத் தந்தையரின் போதனை கண்ணில் பட்டது. சுவாமி கற்றுக்கொடுத்தது தம் சொந்த வீட்டுப் பரணிலேயே இருந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. 1982இல் இறக்கும்வரை மற்றவர்களுக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்தார். அடுத்த வீட்டுக்காரர் காட்டிக்கொடுத்ததால் நம் சொத்து நம்முடையது இல்லை என்று ஆகிவிடுமா? என் மாமியார் கதையை முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப சரி" என்று தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்குக் கீழே உட்கார முட்டி இடம் கொடுக்காது.

பிள்ளைகளுக்கு எவ்வளவு நேரம்? ஜான் மெயினின் வழி வந்த இந்தத் தியானத்தை ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் மறைமாவட்டம் தன் கத்தோலிக்கப் பள்ளிகளில் கொண்டுவந்தது. அங்கே வைத்திருக்கும் கணக்கு எளிது: வயதுக்கு ஒரு நிமிடம். ஐந்து வயதுக்கு ஐந்து, எட்டு வயதுக்கு எட்டு. அதையே நானும் பின்பற்றுகிறேன். முதல் வாரம் இரண்டு நிமிடம்கூடப் போதும். முடிவைச் சொல்ல முதலில் கைபேசியில் அலாரம் வைத்தேன். அமைதியில் இருந்த பிள்ளை தூக்கிவாரிப்போட்டு எழுந்தது. இப்போது எவர்சில்வர் தம்ளரை ஸ்பூனால் ஒரு தட்டு தட்டுகிறேன். அந்த ஓசை தேய்ந்து அடங்கும் வரை அவள் கண்ணைத் திறப்பதில்லை. சாப்பிட்ட உடனே மட்டும் வேண்டாம், தூக்கம் சொக்கிவிடும்.

நான் செய்த பெரிய தவறு ஒன்று உண்டு. ஒருநாள் அக்காளும் தம்பியும் அடித்துக்கொண்டார்கள். "போய்ப் பாயில உக்காந்து தியானம் பண்ணு" என்று மகளைத் துரத்தினேன். உட்கார்ந்தாள். அதன் பிறகு இரண்டு வாரம் பாயைக் கண்டாலே முகம் சுருங்கியது. தியானத்தை நான் தண்டனையாக ஆக்கிவிட்டேன் என்று புரியவே எனக்கு அவ்வளவு நாளாயிற்று. அதை நேராக்க ஒரே வழிதான் இருந்தது. அவளைக் கூப்பிடாமல் தினமும் நானே அந்த நேரத்துக்குப் போய் உட்கார்ந்தேன். பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, முழங்காலில் ஒரு சின்ன முழங்கால் வந்து இடித்தது.

உலகப் போர்க் காலத்தில் அடையாறிலும் கோடைக்கானலிலும் இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி, அதற்கு வெகுகாலம் முன்பே ரோமில் ஏழைப் பிள்ளைகளிடம் மௌனத்தைக் கண்டுபிடித்தவர். நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றை வகுப்புக்குத் தூக்கிவந்து, இதைப் போலச் சத்தமில்லாமல் இருக்க முடியுமா என்று கேட்டார். பிள்ளைகள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இருந்தார்கள். பிறகு அந்த மௌனத்துக்குள் ஒவ்வொருவர் பெயரையும் தூரத்திலிருந்து மெல்ல அழைப்பது அவர் வழக்கமாயிற்று. பெயர் கேட்ட பிள்ளை ஓசைப்படாமல் எழுந்து வரும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சாமுவேல்தான் நினைவுக்கு வருவான். ஆலயத்தில் படுத்திருந்த சிறுவனின் பெயரை இரவில் யாரோ அழைக்கிறார்கள். அவன் மூன்று முறை ஏலியிடம் ஓடுகிறான். கண் மங்கிய அந்தக் கிழவர் செய்தது கொஞ்சம்தான். யார் அழைக்கிறார் என்று புரிந்துகொண்டு, சொல்ல வேண்டியதை ஒரே வரியில் சொல்லிக்கொடுத்து, அவன் இடத்துக்கே அவனைத் திருப்பி அனுப்பினார். கூடவே போய் நிற்கவில்லை.

ஆண்டவர் என்ன சொன்னார் என்று ஏலி மறுநாள் காலையில் கேட்டார் என்பது உண்மை. ஆனால் சாமுவேலிடம் ஆண்டவர் ஒரு செய்தியைச் சொல்லியிருந்தார். நம் பிள்ளைகளிடம் தம்ளர் ஓசை அடங்கியதுமே "என்ன தெரிஞ்சுது? சாமி வந்தாரா?" என்று தோண்டினால், அவர்கள் நமக்குப் பிடித்ததைச் சொல்லக் கற்றுக்கொள்வார்கள். வெளிச்சம் பார்த்தேன் என்பார்கள், மாதா பேசினார் என்பார்கள். பொய் சொல்ல நாமே சொல்லிக்கொடுத்ததாக ஆகும். தியானம் முடிந்தால் மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கும் முறை யாருடையது என்பதைத் தவிர எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

கேட்காமல் இருப்பது எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது. போன மாதம் ஒரு காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். கண்ணாடியைப் பார்த்தபடி, "அம்மா, நேத்து நான் சொல்லவே இல்ல. அந்த வார்த்தை தானாவே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நான் சும்மா கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

ரிப்பனை முடிந்தேன். தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. பையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

(தொடரும்)