நாய்க் கண்ணில் பூவா? மவுஸை விடுங்கள்!

நாயின் கருவிழியில் பூ விழுந்ததும் நெட்டில் மருந்து தேடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். புண்ணா, பழைய தழும்பா என்பது மானிட்டரில் எவ்வளவு பெரிதாக்கினாலும் உறுதியாகத் தெரியாது. கால்நடை மருத்துவர் ஃப்ளூரசின் சாயத்தைக் கண்ணில் விட்டு நீல ஒளியில் பார்ப்பார். புண் இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும்.

கல்வராயன் மலையில் என் மாமா வீட்டில், மிச்சமிருந்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நாய்க்கு விடத் தயாராக இருந்தார்கள். சாஃப்ட்வேர்காரன் என்பதால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்கள். தடுத்து, கள்ளக்குறிச்சிக்கு அனுப்பினேன். சாயம் பச்சை காட்டியது. புண்ணில் ஸ்டீராய்டு பட்டால் ஆறாமல் ஆழமாகி, கருவிழி ஓட்டையாகவும் கூடும். ஆன்டிபயாடிக் சொட்டு, கழுத்தில் கூம்பு, இவ்வளவுதான் சிகிச்சை. (கூம்புதான் நாய்க்குப் பிடிக்கவில்லை!)

டாக்டருக்குப் படம் அனுப்பலாம். ஃபிளாஷை அணைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுங்கள். போட்டோஷாப்பில் அழகுபடுத்தாதீர்கள், அந்தச் சிவப்பும் வெண்மையும்தான் அவருக்குத் தேவை. வாட்ஸ்அப்பில் டாக்குமெண்ட்டாக அனுப்பினால் படம் சுருங்காது.