தொலைவழிக் கல்வியும் குற்றால மடலும்

இணையவழிப் பாடங்களிற் சேர்வோர் பலர். நிறைவு செய்வோர் சிலரே. ஆர்வர்டு, எம்.ஐ.டி. ஆகியவற்றின் திறந்த பாடங்களில் 2017–18இல் சேர்ந்தோருள் முடித்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேரே.

தென்காசியை அடுத்த குற்றாலத்தில் இறுதிக்காலத்தைக் கழித்த ரசிகமணி டி.கே.சி. (1882–1954), தொலைவிலிருந்த அன்பர்க்குக் கவிநயத்தை மடல்கள் வாயிலாக உணர்த்தினார். அவை பின்னர் நூலாகவும் வெளிவந்தன. ஆங்குத் தேர்வுமில்லை, சான்றிதழுமில்லை; எனினும் தொடர்பு நீடித்தது. அவ்வன்பர் தாமே விரும்பி வந்தோரன்றோ எனின், திறந்த பாடங்களிற் சேர்ந்தோரும் விரும்பி வந்தோரே. ஆகவே விருப்பம் மட்டும் போதாது. மடல் ஒருவரைப் பெயர் சுட்டி விளித்து, அவர் எழுதியதற்கு மறுமொழி கூறியது. திரைப்பாடமோ எல்லார்க்கும் பொதுவாய் ஒலிக்கின்றது.

எனவே, பாடவுரையைப் பெருக்குவதினும், ஒவ்வொரு மாணவர்க்கும் காலத்தே மறுமொழி எழுதுதலே இணைய ஆசிரியரின் தலையாய கடன் எனத் துணிகின்றோம்.