விதிநூல் ஒன்று சொல்ல, கருவி வேறொன்று சொல்ல

லினக்ஸ் இயங்கும் கணினியில் ஒரு தமிழ் எழுத்துருவையோ உலாவியையோ நிறுவும்போது பயனருக்கு வந்து சேர்வது வெறும் மென்பொருள் அன்று. அம்மென்பொருளின் கோப்புகள் வட்டில் எங்கெங்கு அமர வேண்டும், அது இயங்க வேறு எவையெல்லாம் தேவை, உரிமம் எது, பராமரிப்பவர் யார் என்ற விவரங்கள் அனைத்தையும் சேர்த்துக் கட்டிய ஒரே கோப்பாக அது வருகிறது. இக்கட்டுக்குப் பேக்கேஜ் என்றும் பொதி என்றும் பெயர். பல்லாயிரம் பொதிகளைத் திரட்டி முழு இயங்குதளமாக வெளியிடும் அமைப்பு வழங்கல் எனப்படும். டெபியன், ஃபெடோரா, உபுண்டு ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனில் பொதி கட்டுவோர் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்திராத தன்னார்வலர்கள். ஆகவே ஒருவர் கட்டியது இன்னொருவர் கட்டியதோடு மோதாதிருக்க, டெபியன் பாலிசி என்ற விதிநூல் எழுதப்பட்டது. அவ்விதிகள் பின்பற்றப்பட்டுள்ளனவா என்று தானாகவே பார்த்துச் சொல்லும் லிண்டியன் என்ற சோதனைக் கருவி 1998-இல் உருவாயிற்று. விதிநூலும் கருவியும் ஒரே குரலில் பேசும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் பல இடங்களில் அவை மாறுபடுகின்றன. அவ்விடங்களில் பெரும்பாலும் கருவியின் சொல்லே எடுபடுகிறது.

மும்பைத் தமிழர்க்கு இது எட்டாத சங்கதி அன்று. ஜூஹுவில் 1985-இல் அமைந்து, சீனிவாசன் ரமணியை முதல் இயக்குநராகக் கொண்டு வளர்ந்து, பின்னர் சி-டாக் அமைப்போடு இணைந்துவிட்ட தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், லினக்ஸுக்குள் இந்திய மொழிகளைக் கொண்டுவர இண்டிக்ஸ் என்ற பெயரில் முயற்சி மேற்கொண்டது. பவாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னெடுத்த ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், லினக்ஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்களைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் ஒலி-ஒளிப் பாடங்களாகக் கற்பிக்கிறது. சென்னை சி-டாக் டெபியனை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்தே மாணவர்களின் வீடுகளுக்குச் சென்றது. தாராவியிலோ செம்பூரிலோ பழைய மடிக்கணினி ஒன்றில் உபுண்டுவை ஏற்றித் தமிழில் தட்டச்சு செய்பவருக்கும், மாட்டுங்காவின் வி.ஜே.டி.ஐ.யில் கணினிப் பொறியியல் படித்துத் தம் முதல் பொதியைக் கட்டிப் பார்க்கும் மாணவருக்கும், டெபியனின் விதிநூலும் கருவியும் நேராகவோ சுற்றியோ தொடர்புடையவையே.

விதிநூலின் மொழி சட்டமொழியைப் போன்றது. அதில் கட்டாயம் என்று வருவதை மீறினால், அப்பிழை தீரும்வரை அப்பொதி அடுத்த வெளியீட்டில் இடம்பெறுவதே ஐயம். வேண்டும் என்று வருவதை மீறினால் அது பிழையாகப் பதிவாகும், ஆனால் பொதி வெளியேற்றப்படாது. செய்யலாம் என்று வருவது பொதியாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. இந்நூலில் ஒரு வரியை மாற்ற எண்ணுபவர் அம்மாற்றத்தை முன்மொழிந்து, பிற டெவலப்பர்கள் அதை விவாதித்து வழிமொழியும்வரை காத்திருக்க வேண்டும். கருவியின் கதை வேறு. பெர்ல் மொழியில் எழுதப்பட்ட லிண்டியனில் ஒரு புதிய சோதனையைச் சேர்க்க, அதைப் பராமரிக்கும் சிலர் இசைந்தாலே போதும். அக்கருவி தான் கண்டவற்றை ஈ, டபிள்யூ, ஐ, பி என்ற ஆங்கில எழுத்துகளால் தரம் பிரித்து அச்சிடுகிறது. ஈ என்பது பிழை, டபிள்யூ எச்சரிக்கை, ஐ தகவல், பி என்பது நுணுக்கம் பார்ப்போர்க்கு மட்டும். இவ்வெழுத்துகள் விதிநூலின் மூன்று படிகளோடு ஒன்றுக்கொன்று பொருந்துபவை அல்ல. ஆயினும் ஈ என்ற எழுத்தைத் திரையில் கண்ட புதியவர், தாம் கட்டாய விதி ஒன்றை மீறிவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறார். நூறு பக்கங்களுக்கு மேல் ஓடும் விதிநூலைப் படித்து முடிப்பவர் சிலரே. கருவியை ஓட்டிப் பார்க்காதவர் அரியர். கருவிக்கு அதிகாரம் வந்து சேர்ந்த வழி இதுதான். 2009-இல் டெபியனின் களஞ்சியக் காப்பாளர்கள், லிண்டியன் குறிப்பிடும் சில பிழைகள் உள்ள பொதிகளைத் தானாகவே திருப்பி அனுப்பும் முறையைக் கொண்டுவந்த பிறகு அவ்வதிகாரம் உறுதியும் பெற்றுவிட்டது.

மாறுபாடு தோன்றும் வழிகளில் முதலாவது, கருவியின் பார்வை எல்லை. டெபியனில் ஒரு நிரலோடு மேனுவல் பேஜ் என்ற கையேட்டுப் பக்கமும் வர வேண்டும். முனையத்தில் மேன் என்று தட்டி நிரலின் பெயரைச் சேர்த்தால் விரியும் விளக்கம் அது. விதிநூலின் 12.1 பிரிவு, அப்பக்கம் அதே பொதியிலோ, அப்பொதி சார்ந்திருக்கும் வேறொரு பொதியிலோ இருக்கலாம் என்கிறது. பெரிய மென்பொருள்களில் நிரல்களை ஒரு பொதியிலும், அவற்றின் விளக்கங்களை எல்லாவற்றுக்கும் பொதுவான இன்னொரு பொதியிலும் வைப்பது வழக்கம். விதிப்படி அதில் குற்றமில்லை. ஆனால் லிண்டியன் ஒரு பொதியைத் தனியே எடுத்துப் பிரித்துப் பார்க்கையில், அது சார்ந்த மற்றப் பொதி அதன் கண்ணில் படாது. எனவே டபிள்யூ என்று தொடங்கி, பொதியின் பெயரைச் சொல்லி, நோ-மேனுவல்-பேஜ் என்ற குறியை எழுதி, நிரலின் பாதையைக் காட்டும் ஒரு வரி திரையில் வருகிறது. இத்தகைய நிலையில் தன் தீர்ப்பு தவறாக இருக்கக்கூடும் என்று அக்குறிக்கான விளக்கத்தில் லிண்டியனே ஒப்புக்கொள்கிறது. அவ்விளக்கத்தைத் திறந்து பார்ப்பவர்தாம் குறைவு. இதன் விளைவு சில வேளைகளில் வேடிக்கையாக அமைகிறது. எச்சரிக்கையை எப்படியாவது மறையச் செய்ய விரும்பும் பொதியாளர், ஹெல்ப்டுமேன் என்ற நிரலைக் கொண்டு, மென்பொருள் தானே அச்சிடும் உதவிக்குறிப்பை அப்படியே கையேட்டுப் பக்கமாக மாற்றி வைத்துவிடுகிறார். கருவி வாயடைத்துப் போகிறது. பயனருக்கோ முன்பு தெரியாத ஒரு செய்தியும் புதிதாகக் கிடைப்பதில்லை.

இரண்டாவது வழி, விதி பேசாத இடத்தில் கருவி பேசுவது. ரெட் ஹேட் நிறுவனம் வெளியிட்ட லோஹித் எழுத்துருக் குடும்பத்தில் தமிழுக்கு லோஹித் தமிழ், லோஹித் தமிழ் கிளாசிக்கல் என இரண்டு உண்டு. டெபியனில் இரண்டும் தனித்தனிப் பொதிகளாகக் கிடைக்கின்றன. தமிழ் மின்னூல் அமைக்கும் செயலி ஒன்றைப் பொதியாகக் கட்டுபவர், செயலியோடு லோஹித் தமிழின் கோப்பையும் உள்ளேயே சேர்த்துவிட்டதாகக் கொள்ளலாம். லிண்டியன் இரண்டு குறிகளை எழுப்பும்: எழுத்துருப் பொதி அல்லாத ஒன்றில் எழுத்துரு இருக்கிறது என்பது ஒன்று, களஞ்சியத்தில் முன்பே உள்ள எழுத்துருவின் நகல் இது என்பது மற்றொன்று. ஒரு பொதி எழுத்துருப் பொதியா என்பதை அது தீர்மானிக்கும் முறை எளியது. பொதியின் பெயர் ஃபாண்ட்ஸ் போன்ற முன்னொட்டோடு தொடங்குகிறதா என்று பார்ப்பதே அம்முறை. விதிநூலிலோ எக்ஸ் சாளர முறைக்குரிய பழைய எழுத்துருக்களைப் பற்றித்தான் விரிவான பிரிவு உள்ளது. வேறிடத்தில் எழுதப்பட்ட நிரல்களை நகலெடுத்து உள்ளே வைத்துக்கொள்ளாதிருப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்லும் இன்னொரு பிரிவும் உண்டு. இன்றைய எழுத்துருக் கோப்புகளைப் பற்றி அவ்வளவு கறாரான விதி இல்லை. கருவி கேட்பது உண்மையில் டெபியனின் எழுத்துருக் குழுவில் நிலைபெற்ற வழக்கம். அது நல்ல வழக்கம் என்பதில் ஐயமில்லை; ஒரே எழுத்துருவின் பத்து நகல்கள் பத்துப் பொதிகளில் கிடந்தால், பிழை ஒன்றைத் திருத்தப் பத்து இடங்களில் திருத்த வேண்டியிருக்கும். ஆனால் எழுத்துருவின் புதிய பதிப்பில் ஓர் எழுத்தின் அகலம் சிறிது மாறினாலும் நூலின் வரிமுறிவுகள் எல்லாம் இடம் மாறிவிடும் என்று அஞ்சி, குறிப்பிட்ட பதிப்பையே உடன் வைக்க விரும்பும் செயலி ஆசிரியரிடமும் நியாயம் உண்டு. அவர் மீறியது வழக்கத்தை, விதியை அன்று.

கருவி முந்திக்கொண்டு விதி பின்தங்கும் இடங்களும் இருக்கின்றன. கருவியை மட்டுமே குறை சொல்வோர் இவற்றை மறந்துவிடுகின்றனர். கணினி தொடங்கும்போது பின்னணிச் சேவைகளை வரிசையாக எழுப்பும் பணியை நெடுங்காலம் செய்துவந்தது சிஸ்-வி இனிட் என்ற பழைய முறை. 2015 ஏப்ரலில் வெளியான டெபியன் 8 அவ்விடத்தில் சிஸ்டம்டி என்ற புதிய முறையை அமர்த்தியது. சிஸ்டம்டிக்கு உரிய சேவைக் கோப்பு இல்லாத பொதிகளை லிண்டியன் கண்டிக்கலாயிற்று. விதிநூலோ பழைய முறையின் தொடக்க உரைநிரல்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. இரு தரப்பாருக்கும் இடையே கசப்பான வாதங்கள் நடந்து, 2019 டிசம்பரில் டெபியன் உறுப்பினர் அனைவரும் பங்குகொள்ளும் பொது வாக்கெடுப்பு வரை விவகாரம் சென்றது. 2020 ஜனவரியில் வந்த 4.5.0 பதிப்பில்தான், சேவை தரும் பொதிகளில் சிஸ்டம்டி கோப்பு இருக்க வேண்டும் என்ற வரி விதிநூலில் ஏறியது. அதற்கு முன், விதியை மட்டும் படித்து நடந்தவர் கருவியிடம் பிழையாளி; கருவி சொன்னபடி நடந்தவரோ விதிநூலில் எழுதாததைச் செய்தவர். நடைமுறையில் இரண்டாமவரின் பொதியே நன்றாக இயங்கியது.

ஃபெடோராவில் லிண்டியனின் இடத்தில் ஆர்.பி.எம்.லிண்ட் என்ற கருவி உள்ளது. அது எழுப்பும் குறிகளில் எஃப்.எஸ்.எஃப். முகவரி தவறு என்பது தனிச்சுவை உடையது. ஜி.பி.எல். என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் அறிவிப்பில், உரிமத்தின் படி கிடைக்காதவர் கடிதம் எழுதிப் பெறுவதற்காக, அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ள கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் அஞ்சல் முகவரி இடம்பெற்றிருந்தது. அறக்கட்டளை 2005-இல் 59 டெம்பிள் பிளேஸிலிருந்து 51 ஃபிராங்க்ளின் தெருவுக்குக் குடிபெயர்ந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட எண்ணற்ற நிரல்களில் பழைய முகவரி அப்படியே தங்கிவிட்டது. கருவி அவற்றையெல்லாம் ஈ எழுத்திட்டுப் பிழை என்கிறது. ஃபெடோராவின் எழுத்துபூர்வ வழிகாட்டலோ, பொதியாளர் அதைத் தம் கையால் திருத்தக் கூடாது, மூல ஆசிரியருக்குத் தெரிவித்தால் போதும் என்கிறது. பிறர் எழுதிய உரிம அறிவிப்பில் கைவைப்பது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடலாம் என்பதே காரணம். கருவி பிழை என்று கூவ, திருத்தாதே என்று வழிகாட்டல் தடுக்க, இடையில் நிற்கும் பொதியாளர் செய்யக்கூடியது ஒரு மின்னஞ்சல் எழுதுவது மட்டுமே. 2024 ஆகஸ்டு இறுதியில் அறக்கட்டளை ஃபிராங்க்ளின் தெரு அலுவலகத்தையும் மூடிவிட்டது. பழைய முகவரியைக் கண்டு பொதியாளர்களை ஆண்டுக்கணக்கில் அதட்டிவந்த கருவி சரியென்று ஏற்றுக்கொண்ட முகவரிக்கும் அதே கதி நேர்ந்தது.

மும்பையில் ஆட்டோ, டாக்சிக் கட்டணம் உயரும் ஒவ்வொரு முறையும் இதையொத்த நிலை தெருவில் காணக்கிடைக்கிறது. 2025 பிப்ரவரி 1 முதல் ஆட்டோவின் குறைந்தபட்சக் கட்டணம் 23 ரூபாயிலிருந்து 26 ஆயிற்று. ஆனால் எல்லா மீட்டர்களும் ஒரே நாளில் புதிய அளவுக்குத் திருத்தப்படுவதில்லை. அதுவரை மீட்டர் காட்டும் தொகை ஒன்று, ஆணைப்படி தர வேண்டிய தொகை வேறு. இரண்டையும் இணைக்க அதிகாரபூர்வக் கட்டண அட்டை பயன்படுகிறது. மீட்டர் பொய் சொல்லவில்லை, அது பழைய ஆணையைச் சொல்கிறது என்பதும், எந்தத் தொகை செல்லும் என்பதும் சயானிலோ செம்பூரிலோ வண்டி ஏறும் எவருக்கும் தெரியும். பொதியாளரின் கையில் அப்படியோர் அட்டை இல்லை. அதற்கு மாற்றாக அவருக்குத் தரப்பட்டிருப்பது ஓவர்ரைடு என்ற விலக்குக் கோப்பு. இன்ன குறி இப்பொதிக்குப் பொருந்தாது என்று அக்கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டால், லிண்டியன் அதை மறுபடி சொல்வதில்லை; தானாகத் திருப்பி அனுப்பும் பிழைகளில் சிலவற்றையும் இவ்வாறு விலக்கலாம், கடுமையான சிலவற்றை விலக்க முடியாது.

விலக்குக் கோப்பு தேவையான ஏற்பாடே எனினும், அது பயன்படும் விதம் பெரும்பாலும் வருந்தத்தக்கது. காரணம் எழுதாமல் குறியின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போவோர் மிகுதி. இதனால் இரு தீமைகள் நேர்கின்றன. அப்பொதியைப் பின்னாளில் ஏற்றுக்கொள்பவருக்கு, விலக்கியது கருவியின் தவறையா பொதியின் தவறையா என்பது விளங்குவதில்லை. அதைவிடக் கேடானது, ஒரே தவறான எச்சரிக்கையை நூறு பொதியாளர்கள் தத்தம் பொதியில் அமைதியாக அடக்கிவிடுவதால், கருவியைப் பராமரிப்போர் காதுக்கு அது எட்டாமலே போவது. ஒரே பொதி உபுண்டுவுக்கோ பாஸ் லினக்ஸுக்கோ செல்லும்போது சிக்கல் இன்னும் கூடும். டெபியனின் பெயர்களை மட்டுமே அறிந்த சோதனை, வேறொரு வழங்கலின் வெளியீட்டுப் பெயரை மாற்றக் குறிப்பில் கண்டால் அதையும் தவறென்று சொல்லும். லிண்டியனில் வழங்கலுக்கேற்ற தனிச் சுயவிவரங்கள் இருப்பது இதனால்தான். இன்ன சுயவிவரத்தில் கருவியை ஓட்டுகிறோம் என்று முதலில் பார்த்துக்கொள்வதே புதிய பொதியாளரின் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

முரண்பாட்டைக் காண்பவர் அதைத் தெரிவிப்பதற்கான வழி திறந்தே இருக்கிறது. டெபியனின் பிழைப் பதிவேட்டில் லிண்டியன் என்ற பெயரிலும், டெபியன்-பாலிசி என்ற பெயரிலும் தனித்தனிக் கணக்குகள் உள்ளன. கருவி தவறெனத் தோன்றினால் முதலாவதிலும், விதி காலத்தால் பிந்தியது எனத் தோன்றினால் இரண்டாவதிலும், குறியின் பெயரையும் விதிப் பிரிவின் எண்ணையும் சேர்த்துக் குறிப்பிட்டு எழுத வேண்டும். அதற்கு டெபியன் உறுப்பினராகவோ, எங்கேனும் பதிவு செய்தவராகவோ இருக்கத் தேவையில்லை. ஒரு மின்னஞ்சல் போதும்.