வைத்தியசாலையிலிருந்து வீடு வந்த பின்னர்...



முள்ளந்தண்டில் அடிபட்டு, கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியோடு வீடு திரும்பிய ஒருவர் உங்கள் குடும்பத்திலோ அயல் வீட்டிலோ இருக்கலாம். மரத்திலிருந்து விழுந்தவர்கள், வீதி விபத்தில் சிக்கியவர்கள் எனப் பலரை நாம் காண்கிறோம். வைத்தியர்களின் வேலை முடிந்து உங்கள் வேலை தொடங்கும் அந்த நாட்களைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறேன்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் மேசன் வேலை செய்து வந்தார். சாரத்திலிருந்து தவறி விழுந்தார். உடைந்த எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் அதனுள்ளே ஓடும் முண்ணாண் எலும்பைப் போல மீண்டும் பொருந்துவதில்லை. ராகமையிலுள்ள புனர்வாழ்வு வைத்தியசாலையில் மாதக் கணக்கில் இருந்தார். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறவும், தானே குளிக்கவும், குழாய் இட்டுச் சிறுநீரை அகற்றவும் அங்கே பழகினார். நல்ல முகத்தோடுதான் வீடு வந்தார். ஒரு மாதம் ஆகுமுன் பின்புறத்தில் ஆழமான புண்ணோடு மீண்டும் வைத்தியசாலைக்குப் போனார்.

இதற்குக் காரணம் யார் தெரியுமா? நோய் விசாரிக்கப் போன நாம்தான்!

அவர் வந்த நாள் முதல் வீடு நிறைந்த கூட்டம். நானும் ஒருநாள் போய் ஒன்றரை மணி நேரம் அமர்ந்து பொறுமையைப் பற்றிப் பேசினேன். அவர் மரியாதைக்காக அசையாமல் கேட்டுக் கொண்டிருந்தார். நாம் ஓரிடத்தில் நெடுநேரம் இருந்தால் வலிக்கும், அறியாமலே சற்று நகர்ந்து கொள்வோம். உணர்விழந்த உடலுக்கு அந்த வலி தெரியாது. எலும்புக்கும் நாற்காலிக்கும் இடையில் சதை நசுங்கி, இரத்தம் ஓடாமல் செத்துவிடும். ஆகவே 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலை உயர்த்த வேண்டும், அல்லது முன்னும் பக்கமும் சாய வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆட்கள் முன்னிலையில் அப்படிச் செய்ய அவர் கூச்சப்பட்டார். சிறுநீரை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அகற்ற வேண்டியவர், 'எழுந்து போங்கள்' என்று விருந்தினரிடம் சொல்ல முடியாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொண்டார். புண்ணோடு சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் சேர்ந்தன. நோயாளியை விசாரிப்பது ஸுன்னத். அவருக்குச் சிரமம் தராமல் விரைவில் எழுந்து வருவதும் அதன் ஒழுங்குகளில் ஒன்று. பிள்ளைகளுக்கு அதை ஓதிக் கொடுக்கும் நானே மறந்து போனேன்.

சகோதரிகளே, காலையிலும் இரவிலும் அவரது இடுப்பு, பிட்டம், குதிகால் பகுதிகளைப் பாருங்கள். அவரே பார்க்க ஒரு கைக்கண்ணாடி போதும். சிவந்த இடம் அரை மணி நேரமாகியும் மாறாவிட்டால், மாறும்வரை அந்த இடத்தில் பாரம் படக் கூடாது. படுக்கையில் புரட்டிவிட வேண்டிய நிலையிலுள்ளவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். சூடான பிளேன்டீக் கோப்பையை அவர் மடியில் வைத்துவிடாதீர்கள். தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலேயோ கழுத்திலோ அடிபட்டவருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. திடீரெனத் தலை பிளப்பது போல் வலித்து, முகம் சிவந்து வியர்த்தால், இரத்த அழுத்தம் கடுமையாக ஏறியிருக்கலாம். பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும், குழாய் அடைத்திருக்கும், அல்லது மலம் இறுகியிருக்கும். படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்து, உடையைத் தளர்த்தி, குழாயைக் கவனியுங்கள். குறையாவிட்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இனி, பாசத்தினால் வரும் தீங்கு. அந்த மாணவரின் கைகளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் உம்மா சோறு ஊட்டினார், சட்டை மாட்டிவிட்டார். அவர் தானே உடுத்த அரை மணி நேரம் ஆகும். மனைவி உடுத்தினால் ஐந்து நிமிடம். அவரது மனைவி திரைக்கு அப்பாலிருந்து என்னிடம் முறையிட்டார்: "மௌலவி, அவர் தானாச் செய்றத நான் பாத்துக்கிட்டு இருந்தா, கல்நெஞ்சுக்காரி என்டு சொல்றாங்க." அவர் கல்நெஞ்சுக்காரியல்லர். அந்த வீட்டில் வைத்தியர் சொன்னதைச் சரியாக விளங்கியவர் அவர் ஒருவரே. மாதக் கணக்கில் பழகிய பழக்கம் சில வாரங்களில் கைவிட்டுப் போகும். தூக்கித் தூக்கி அந்தப் பெண்ணின் இடுப்பும் தேய்ந்தால் பிறகு அவரை யார் பார்ப்பது?

தொழுகை பற்றிப் பலர் கேட்கிறீர்கள். நிற்க முடியாதவர் இருந்தும், இருக்க முடியாதவர் படுத்தும் தொழலாம். நாற்காலியிலிருந்து இறக்கித் தரையில் அமர்த்த வேண்டியதில்லை. ருகூஃவுக்குக் குனிவதைவிட ஸுஜூதுக்குச் சற்று அதிகமாகக் குனிந்தால் போதும். சிறுநீர் நில்லாமல் கசிபவர், ஷாபிஈ மத்ஹபின்படி, நேரம் வந்த பின் சுத்தம் செய்து, துணி கட்டி, வுழூச் செய்து உடனே தொழ வேண்டும். அதன் பின் கசிந்தாலும் தொழுகை கூடும். ஒவ்வொரு பர்ளுக்கும் தனித் தனி வுழூ வேண்டும். 'நான் எப்போதும் அசுத்தம்' என்று ஒதுங்கியிருப்பவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். நோன்பில் தண்ணீரைக் குறைப்பது அவருக்கு ஆபத்தாகலாம். வைத்தியரிடம் கேட்ட பின் ஆலிமிடம் வாருங்கள். கணவன் மனைவி உறவு பற்றிய கேள்விகளையும் வைத்தியரிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

வீட்டையும் சற்று மாற்ற வேண்டும். எமது வீடுகளில் குளியலறைக் கதவு பெரும்பாலும் ஒடுக்கமானது. நாற்காலி நுழைய 32 அங்குல இடைவெளி வேண்டும். வாசற்படியின் உயரம் ஓர் அங்குலமானால் சரிவுப்பாதை ஓர் அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. 14 அங்குலப் படிக்கு 14 அடி. அதைவிடக் குறுகினால் அவரால் தனியாக ஏற முடியாது.

பள்ளிவாசல்களுக்கும் இதே கணக்குத்தான். இங்கு ஒருவரை நினைவுகூர வேண்டும். கிரிக்கெட் நடுவராக இருந்த அஜித் பெரேரா, 1992இல் ஓடிக் கொண்டிருந்த காரின் மீது வீதியோர மரம் விழுந்ததால் நடக்க முடியாதவரானார். பொதுக் கட்டடங்களில் சக்கர நாற்காலி செல்ல வசதி செய்யும் விதிகள் 2006இல் வந்தன. அவர் சும்மா இருக்கவில்லை. உயர் நீதிமன்றம் சென்றார். புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளைப் பின்பற்ற வேண்டுமென 2009இல் உத்தரவு பெற்றார். 2020இல் மறைந்தார். எமது மஹல்லாவில் சரிவுப்பாதை கட்ட ஒரு வருடம் கூட்டம் போட்டோம். கட்டி முடிக்க இரண்டு நாள் போதுமாயிருந்தது.

அண்மையில் அந்த மாணவரைப் பார்க்கப் போனேன். இப்போது ஒரு ஹார்ட்வெயார் கடைக்குக் கணக்கு எழுதுகிறார். பேசிக் கொண்டிருக்கும்போதே இரு கைகளையும் ஊன்றி உடலை உயர்த்தினார், பேச்சு நிற்கவில்லை. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "நேரமாகிட்டு." அவர் சிரித்தார். நான் எழுந்து ஸலாம் சொன்னேன். வாசல் வரை தன் நாற்காலியைத் தானே உருட்டி வந்து என்னை வழியனுப்பினார்.