பத்தாயிரம் ரூபாயில் ஊருக்கே ரத்தம் ஊறுமா?

உங்கள் பிள்ளையோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ என்.எஸ்.எஸ். கேம்ப் என்று கிராமத்துக்குப் போய் வந்திருக்கும், இல்லையா? 'என்னம்மா செஞ்சீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். 'கோயிலைச் சுத்தம் பண்ணினோம், மரக்கன்று நட்டோம், ஒருநாள் மெடிக்கல் கேம்ப் வச்சோம்' என்று சந்தோஷமாகச் சொல்லும். நல்ல காரியம்தான். இன்னொரு கேள்வியும் கேளுங்கள். 'ரத்தம் குறைவுன்னு சொன்னீங்களே ஒரு பொண்ணுகிட்ட, அவ இப்போ எப்படி இருக்கா?'

பதில் வராது!

பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். குறை ஏற்பாட்டில் இருக்கிறது. 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது, கல்லூரியும் கிராமமும் கைகோர்க்க வேண்டும் என்றுதான். ஆனால் ஏழு நாள் முகாம் முடிந்ததும் பஸ் கிளம்பிவிடும். ரத்தம் குறைந்தவள் அங்கேயே இருப்பாள்.

இது சின்ன விஷயமில்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, இரண்டு பெண்களில் ஒருத்திக்கு!

மாத்திரை எங்கே போகிறது?

எங்கள் ஆவுடையார்கோவில் பக்கம் நடவுக்குப் போகிற பெண்கள், 'கை கால் ஓய்ஞ்சு போகுது, கண்ணு இருட்டுது வைத்தியரே' என்பார்கள். சித்த மருத்துவத்தில் இதைப் பாண்டு என்போம். அரசாங்கம் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கத்தான் செய்கிறது. ஆனால் பல வீடுகளில் அது அரிசிப் பானைக்குப் பின்னால் கிடக்கும். ஏன்? 'வயித்தைப் புரட்டுது, மலம் கறுப்பாப் போகுது' என்று பயம். இரும்புச்சத்து சாப்பிட்டால் மலம் கறுப்பது இயல்பு என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை.

இன்னொன்று, கொக்கிப்புழு. செருப்பில்லாமல் ஈரமண்ணில் நடக்கும்போது பாதத்தின் வழியே உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கமும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

ஒரே நாள் கேம்ப்பில் இதெல்லாம் தெரியவருமா? திண்ணையில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

சின்னப் பணம், பெரிய வேலை

'இதுக்கெல்லாம் பணம்?' என்பீர்கள். 2005-ல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தில், கிராம சுகாதாரக் குழு ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை தரலாம் என்று வகுத்தார்கள். 'இன்னதுக்குத்தான்' என்று முடிச்சுப் போடாத பணம். ஊராட்சிப் பிரதிநிதி, கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி ஊழியர், சுய உதவிக் குழுப் பெண்கள் கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டியது. இதில் ஆஸ்பத்திரி கட்ட முடியாது. ஆனால் யாருக்கு என்ன குறை என்று கண்டுபிடிக்கவும், திரும்பிப் போய்ப் பார்க்கவும் கைகொடுக்கும்.

அறிவு கொடுக்க ஆளும் இருக்கிறது. அறந்தாங்கியில் அரசு கலைக் கல்லூரி, புதுக்கோட்டையில் 2017-ல் வந்த அரசு மருத்துவக் கல்லூரி. எம்.பி.பி.எஸ். மாணவர்கள் ஆளுக்குக் குறைந்தது மூன்று குடும்பங்களையாவது தத்தெடுத்துப் பார்த்துவர வேண்டும் என்பது இப்போது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது.

கேள்வியை மட்டும் ஊர் கேட்க வேண்டும். நெதர்லாந்தில் 1970-களில் பல்கலைக்கழகங்கள் 'அறிவியல் கடை' திறந்தன. பொதுமக்கள் தங்கள் பிரச்னையைக் கொண்டுபோய்ச் சொன்னால், மாணவர்களும் பேராசிரியர்களும் ஆராய்ந்து பதில் தருவார்கள். நம் ஊரில் கல்லூரிதான் கேள்வியை எழுதிக்கொண்டு வருகிறது!

நம்மவர்களும் செய்திருக்கிறார்கள்

தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட சில நிறுவனங்களும் சேர்ந்து, ரத்தசோகை உள்ள வளரிளம் பெண்களுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தன. முதலில் குடல்புழு நீக்கம். பிறகு 45 நாள் அன்னபேதி செந்தூரம், பாவன கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம். சேர்ந்தவர்கள் 2,648 பேர், முழுக்க முடித்தவர்கள் 2,300 பேர். ஹீமோகுளோபின் கூடியது, களைப்பு குறைந்தது என்று 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். இன்னும் பல ஆய்வுகள் வேண்டும்தான். ஆனால் 45 நாள் பின்தொடர்ந்தார்களே, அதைக் கவனியுங்கள். (நீங்களாகச் செந்தூரம் வாங்கிச் சாப்பிட வேண்டாம். டெஸ்ட் எடுத்து, மருத்துவரைக் கேட்டுத்தான். கர்ப்பிணிகள் அரசு மாத்திரையை நிறுத்தவே கூடாது.)

கல்லூரி ஊருக்குள் வந்தால் கேட்க வேண்டியவை:

* இந்தப் பிரச்னையைத் தேர்ந்தெடுத்தது யார்? ஊர்ப் பெண்களைக் கேட்டீர்களா?
* பணத்தின் கணக்கு ஊருக்குத் தெரியுமா?
* ரிசல்ட்டைத் தமிழில் எழுதி, அவரவர் கையில் ரகசியமாகக் கொடுப்பீர்களா?
* மூன்று மாதம் கழித்து யார் வந்து பார்ப்பார்கள்?
* பணம் தீர்ந்த பிறகு யார் தொடர்வார்கள்?

வெளியிலிருந்து வருகிறவர்களும் ஊரிடம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஆவுடையார்கோவிலில் சுவாமிக்கு நைவேத்தியம் என்ன தெரியுமா? ஆவி பறக்கும் புழுங்கலரிசிச் சோறு, கீரை, பாகற்காய்! 'சாமிக்குப் படைக்கிறதை வீட்டிலும் சமைக்கிறீங்களா?' என்று ஒரு மாணவி கேட்டால், அரைமணி லெக்சரைவிட நன்றாகப் பேச்சு ஓடும். கீரையோடு ஒரு எலுமிச்சை மூடி பிழிந்துகொள்ளச் சொல்லலாம், டீயை ஒருமணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லலாம்.

அடுத்த தடவை மெடிக்கல் கேம்ப்புக்கு நன்கொடை கேட்டு உங்கள் வாசலுக்கு வந்தால், பேனருக்கும் பொன்னாடைக்கும் கொடுக்காதீர்கள். 'மறுபடி எப்போ போறீங்க?' என்று கேளுங்கள். தேதியைச் சொன்னால், தாராளமாகக் கொடுங்கள்!