கடல் கடந்த கைப்பேசி



இராமேசுவரத்திற்குச் சுற்றுலாச் சென்ற உங்களுள் சிலர் தனுஷ்கோடிக் கரையில் ஒரு வியப்பைக் கண்டிருக்கக் கூடும். நிற்பது இந்திய மண். ஆயினும் கையிலுள்ள செல்போனின் திரையில் இலங்கை நிறுவனம் ஒன்றின் பெயர் தோன்றுவதுண்டு. தலைமன்னார் அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவுதான். நம் நாட்டுக் கோபுரத்தின் அலை எட்டாத இடத்தில், கடலின்மேல் தடையின்றி வரும் அயல்நாட்டு அலையைக் கருவி பற்றிக்கொள்கிறது. நம் கால்கள் எல்லையைக் கடக்கவில்லை, கைப்பேசி கடந்துவிட்டது. அதனோடு கட்டணமும் கடந்துவிடலாம்.

இவ்வாறு ஒரு நாட்டுக் கைப்பேசி பிறிதொரு நாட்டுக் கோபுரத்தின் வழியாக இயங்குவதையே 'ரோமிங்' என்கிறோம். இதனைப் பற்றி மாணவர்களாகிய உங்களுக்கு ஏன் சொல்ல வேண்டும்? கொட்டாம்பட்டியிலும் மேலூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் சிங்கப்பூருக்கோ, மலேசியாவுக்கோ, வளைகுடா நாடுகளுக்கோ ஒரு பிள்ளையை அனுப்பிய வீடுகள் பல உண்டு. நாளை நீங்களும் படிக்கவோ பணி செய்யவோ செல்லக்கூடும். இன்று செல்பவர்க்கு வழி சொல்லக் கூடியவர்களும் வீட்டில் படித்த பிள்ளைகளாகிய நீங்களே.

என்னிடம் பயின்ற ஓர் இளைஞர் சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்றார். போய் இறங்கியவுடன் தாயாருடன் பேசுவதற்கென்றே கைப்பேசியில் பணம் நிரப்பி, ரோமிங் வசதியும் பெற்றிருந்தார். விமானம் தரையிறங்கியதும் கருவியை இயக்கினார். குடிநுழைவு வரிசையில் நின்ற அரைமணி நேரத்தில், அவர் ஒரு விரலும் வைக்காமலே, கருவியிலிருந்த செயலிகள் படங்களையும் புதுப்பிப்புகளையும் இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டன. வெளியே வந்து தாயாரை அழைத்தபோது கணக்கில் பணம் இல்லை. மகன் சேர்ந்தானா என்று அறியாமல் அந்த அம்மையார் மறுநாள் மாலைவரை உண்ணாமல் திண்ணையில் அமர்ந்திருந்தார். வீணானது சில நூறு ரூபாய்தான். ஆனால் அந்த ஓர் இரவை எந்தக் கணக்கில் எழுதுவது?

இதற்குக் காரணம் யாது? முன்னாளில் நாங்கள் எஸ்.டி.டி. பூத்தில் பேசியபோது, கண்ணெதிரே செந்நிற எண்கள் ஏறிக்கொண்டே இருக்கும். அதனைப் பார்த்துப் பார்த்துப் பேச்சைச் சுருக்கினோம். இன்றும் அந்த எண்கள் ஏறுகின்றன. ஆனால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அயல்நாட்டில் கைப்பேசிச் செலவைக் குறைக்கும் கலையெல்லாம், மறைந்துபோன அந்த எண்களை மீண்டும் நம் கண்முன் கொண்டுவருவதேயாகும்.

முதலில் அதன் இயக்கத்தை அறிவோம். ஒவ்வொரு சிம் அட்டையிலும் அதன் நாட்டைக் குறிக்கும் எண் ஒன்று பதிந்துள்ளது. இந்தியாவுக்குரியவை 404, 405, 406, சிங்கப்பூருக்கு 525, இலங்கைக்கு 413. சிங்கப்பூரில் நம் கருவியை இயக்கினால், அங்குள்ள கோபுரம் இந்த எண்ணைக் கண்டு, "இவர் இந்திய நிறுவனத்தின் வாடிக்கையாளர்" என்று உணர்ந்து, நம் நிறுவனத்தின் கணிப்பொறியிடம் இசைவு கேட்கிறது. இசைவு கிடைத்ததும் இணைப்புத் தருகிறது. அவ்வாறு தந்த இணைப்புக்கு அந்த நிறுவனம் நம் நிறுவனத்திடம் பணம் கேட்கும். நம் நிறுவனம் நம்மிடம் கேட்கும்.

ஆகவே, ரோமிங் கட்டணம் தொலைவினால் மட்டும் விளைவதன்று. பெரிதும் ஒப்பந்தத்தினால் விளைவது. இத்தகைய முதல் ஒப்பந்தம் 1992-ல் பின்லாந்து நிறுவனம் ஒன்றுக்கும் பிரிட்டானிய நிறுவனம் ஒன்றுக்கும் இடையே ஏற்பட்டது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2017 ஜூன் 15 முதல், தமக்குள் பயணம் செய்வோரிடம் கூடுதல் ரோமிங் கட்டணம் வாங்கலாகாது என்று விதித்தன. கோபுரங்கள் மாறவில்லை, தொலைவும் குறையவில்லை, ஒப்பந்தம் மாறியது, செலவு குறைந்தது. நமக்கு அத்தகைய பொதுவிதி இல்லாமையால் நாமே விழிப்பாக இருத்தல் வேண்டும்.

இன்னொரு செய்தியும் பலரை ஏமாற்றுவது. இந்தியாவில் நமக்கு வரும் அழைப்புக்கு நாம் பணம் தருவதில்லை. 2003-ல் அம்முறை வந்தது. அயல்நாட்டில் ரோமிங்கில் இருக்கும்போது நிலைமை வேறு. கொட்டாம்பட்டியிலிருந்து அழைப்பவர் உள்ளூர்க் கட்டணமே தருவார். அவ்வழைப்பு கடல் கடந்து செல்லும் செலவைப் பெறுபவரே ஏற்க வேண்டும். "அழைத்தது அவர்தானே" என்று எண்ணி நெடுநேரம் உரையாடினால் வீழ்வது நம் பணமே.

இனி, செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் காண்போம்.

புறப்படுமுன், செல்லும் நாட்டுக்குரிய ரோமிங் திட்டங்களை நம் நிறுவனத்திடம் கேட்டு, எத்தனை நாள், எத்தனை நிமிடம், எவ்வளவு இணையம் என்பனவற்றைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியின் அமைப்புகளில் 'டேட்டா ரோமிங்' என்னும் பொத்தானை அணைத்துவிட வேண்டும். செயலிகள் தாமே புதுப்பித்துக்கொள்வதையும் நிறுத்த வேண்டும். அந்த இளைஞர் இந்த ஒரு பொத்தானை அணைத்திருந்தால் அவர் பணம் அப்படியே இருந்திருக்கும்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 4 மணி நேரப் பயணம். அந்நேரம் முழுவதும் கருவி விமானப் பயண நிலையிலேயே இருக்கட்டும். சில விமானங்களிலும் கப்பல்களிலும் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் தனி இணைப்பு உண்டு. அதன் கட்டணம் மிக உயர்ந்தது; நாம் வாங்கிய திட்டத்தில் பெரும்பாலும் அடங்காது.

தரையிறங்கியபின் விமான நிலையத்து இலவச வைஃபை வழியாக வீட்டுக்கு முதற்செய்தியை அனுப்பலாம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இவ்வசதி உண்டு. ஆனால் பொது வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறவாதிருப்பதே நன்று.

ஒரு வாரத்திற்குமேல் தங்குவோர் அந்நாட்டுச் சிம் அட்டையை வாங்குவதே பெரும்பாலும் சிக்கனம். அதற்குக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டியிருக்கும். அட்டையே இல்லாத இ-சிம் வசதியைச் சில கருவிகள் ஏற்கும். அதனை ஊரிலிருந்தே வாங்கிச் செல்லலாம். இரண்டு சிம் கொள்ளும் கருவியாயின், அயல்நாட்டு எண்ணில் இணையமும், இந்திய எண்ணில் குறுஞ்செய்தி மட்டும் என்று பிரித்துக்கொள்க. இந்திய எண்ணை எறிந்துவிடலாகாது. வங்கி அனுப்பும் ஓ.டி.பி. அதற்கே வரும். குறுஞ்செய்தி பெறுவதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஆனால் ரோமிங் வசதி திறந்திருக்க வேண்டும், திட்டத்தின் காலமும் முடியாதிருக்க வேண்டும். 2013-ல் வகுத்த விதிப்படி, 90 நாள் எவ்விதப் பயன்பாடும் இல்லாத முன்கட்டண எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாயாவது வைத்திருப்பது அதற்குக் காப்பாகும்.

இணையவழிக் குரல் அழைப்புக்கு ஆகும் டேட்டா சிறிது. முகம் பார்த்துப் பேசும் அழைப்புக்கு அதனைப் போலப் பன்மடங்கு ஆகும். நாள்தோறும் குரல், ஞாயிறன்று வைஃபையில் முகம் என்று வகுத்துக்கொள்ளலாம். நாட்டுக்கு நாடு விதி வேறுபடும் என்பதும் நினைவிற்குரியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் இணையவழிக் குரல் அழைப்புக்கு உரிமம் பெற்ற செயலிகளே உதவும். இங்கே பழகிய செயலி அங்கே பேசாமற் போகலாம். ஆகவே அங்கே செல்லும் செயலி எதுவென முன்பே கேட்டறிந்து, வீட்டார் கருவியிலும் அதனை நிறுவிச் செல்ல வேண்டும்.

வீட்டிலிருப்போர்க்கும் ஒரு சொல். அறியாத அயல்நாட்டு எண்ணிலிருந்து மிஸ்டு கால் வந்தால், "பிள்ளைதான் அழைக்கிறானோ" என்று பதறித் திரும்ப அழைக்காதீர்கள். அவ்வாறு அழைக்கவைத்துப் பணம் பறிக்கும் ஏமாற்று உலகெங்கும் உண்டு. பிள்ளையின் புதிய எண்ணைக் கேட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. அளந்து போடுதல் என்றால் போடாமல் இருத்தல் அன்று. செலவுக்கு அஞ்சி ஊருக்குப் பேசாமலே இருக்கும் மகன் சிக்கனக்காரன் அல்லன். பெற்றோரின் மனத்தை வாட்டுபவன். நான் கூறிய இளைஞர் இரண்டாம் முறை சென்றபோது பொத்தானை அணைத்துச் சென்றார். இறங்கிய கால்மணி நேரத்தில் வைஃபை வழியே, "அம்மா, வந்து சேர்ந்தேன்" என்னும் குரல் திண்ணைக்கு வந்தது. அவ்வழைப்புக்கு அவர் ஒரு காசும் தரவில்லை. அன்றிரவு அந்த அம்மையார் உண்டு உறங்கினார்.